இடது கைச் சக்கரம்

“மேடம், நீங்க வாட்ச்ச மாத்தி மாத்திக் கட்டுவீங்களா?”

கேட்டது குறுக்குக்கேள்வி. அந்தப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர் அது. எதைச் சொன்னாலும் நடுவில் கை தூக்குவாள்.

பயிற்சி நிலையத்தின் கூடத்தில் அன்றுதான் மாடல் இயந்திரத்தை இறக்கியிருந்தார்கள். ஐஸ் பேக்டரிகளில் இருக்கும் அமோனியா டாங்க்கின் சின்ன வடிவம். அடியில் அக்கம்பக்கமாக இரண்டு இரும்புச் சக்கரங்கள். பழுதுபார்க்கப் போய் மாதக்கணக்கில் திரும்பாமல் கிடந்த சாமான். அது இல்லாத காலம் முழுவதும் டேப்லெட்தான் வகுப்பு, டேப்லெட்தான் பட்டறை.

“இப்ப எதுக்கு வாட்ச்சு?” என்றாள் ஆசிரியை.

“இல்ல மேடம், வீடியோல வலது கையில கட்டியிருக்கீங்க. இப்ப இடது கையில இருக்கு. அதான்.”

வகுப்பு சிரித்தது. ஆசிரியையும் சிரித்தபடி டேப்லெட்டை வாங்கிப் பார்த்தாள். டாங்க்கின் அடியில் தேங்கும் எண்ணெயை இறக்கும் பாடம். திரையில் அவள், பக்கத்தில் இதே மாடல். வலது மணிக்கட்டில் வாட்ச். சட்டையின் பாக்கெட்டும் வலப்பக்கம்.

அவள் ஒருநாளும் வலது கையில் வாட்ச் கட்டியதில்லை.

திரையையும் எதிரே இருந்த மாடலையும் மாறி மாறிப் பார்த்தாள். மாடலில் வலப்பக்கம் இருக்கும் சக்கரம், திரையில் இடப்பக்கம் இருந்தது.

மாடலை லாரியில் ஏற்றுவதற்கு முன்தினம் அவசர அவசரமாக எடுத்த வீடியோ அது. பிடித்துக்கொள்ள ஆளில்லை. போனை ஸ்டாண்டில் மாட்டி, தன் முகம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொள்ள செல்ஃபி கேமராவில் எடுத்தாள். கண்ணாடியில் தெரிவதைப் போல இடவலம் மாற்றியே போன் அதைச் சேமித்துவிட்டது. பின்னால் வெறும் சுவர், எழுத்து ஒன்றும் கிடையாது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பாடத்தில் அவள் எந்த இடத்திலும் வலது, இடது என்று சொல்லவும் இல்லை. விரலை நீட்டி, “இதத் திறங்க, அதத் தொடாதீங்க,” என்றுதான் சொல்லியிருந்தாள்.

வலது சக்கரத்தைத் திறந்தால் எண்ணெய் மூடிய பீப்பாய்க்குள் இறங்கும். இடது சக்கரத்தின் குழாய்க்கு வாய் திறந்தே இருக்கும். டாங்க்கைக் காலி செய்து கழுவும்போது மட்டும்தான் அதைத் தொட வேண்டும். டாங்க் நிறைந்திருக்கும்போது திறந்தால் அமோனியா நேராக ஆள் முகத்தில் அடிக்கும்.

“மேடம்? என்னாச்சு மேடம்?”

காலையில் கணவன் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னது அவள் காதில் கேட்டது.

“டீச்சரம்மா, இன்னைக்கு ஆபரேட்டர் லீவு. பல்லு புடுங்கப் போறாராம். எண்ண இறக்குற வேல மொத தடவையா என் தலையில. ஒத்தையா!”

“பயமா இருக்கா?”

“எதுக்குப் பயம்? கண்ண மூடிட்டுச் செய்வேன். உன் வீடியோவ பஸ்ஸுல பாத்தேன், படுக்கையில பாத்தேன், சாப்பிடும்போதும் பாத்தேன். கட்டின நாள்லேருந்து உன் மூஞ்சிய இவ்ளோ நேரம் நான் பாத்ததே இல்ல.”

வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். கம்பெனி மூடியதும் இந்த வயதில் பயிற்சிக்கு வந்தான். சின்னப் பசங்களுக்கு நடுவில் எழுந்து சந்தேகம் கேட்கக் கூச்சம். டேப்லெட்டிடம் அந்தக் கூச்சம் இல்லை. நிறுத்தலாம், பின்னால் தள்ளலாம், நூறு முறை கேட்கலாம், அது முகம் சுளிக்காது. அதனால்தான் தேறினான். ஐஸ் பேக்டரியில் உதவி ஆபரேட்டர் வேலையும் அதனால்தான் கிடைத்தது. மாடலில் அவன் கை ஒருமுறைகூடப் பட்டதில்லை. வகுப்பிலிருந்து வேலைக்குப் போன முதல் ஆளும் அவன்தான்.

போனை எடுத்து அடித்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. இயந்திர அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். இன்டர்நெட் இல்லாத டேப்லெட்டுக்கு மட்டும் அனுமதி. இங்கே இந்த நிமிடமே பாடத்தை அழித்தாலும் அவன் கையிலிருக்கும் பாடம் அழியாது.

அடுத்து பேக்டரி வாசலுக்கு அடித்தாள்.

“அலோ, வாட்ச்மேன் பேசுறேன்.”

“அண்ணே, புது ஆபரேட்டரோட சம்சாரம் பேசுறேன். அவர உடனே நிறுத்தச் சொல்லுங்க. எந்தச் சக்கரத்தையும் தொடக் கூடாது!”

“யாரு, வேன்காரரா? அவரு உள்ள போயி ரொம்ப நேரமாச்சேம்மா. கதவையும் சாத்திட்டாரு.”

“ஓடிப் போய்ச் சொல்லுங்கண்ணே!”

“கேட்ட உட்டுட்டு எப்படிம்மா ஓடுறது? லாரி ஒண்ணு உள்ள வந்துட்டிருக்கு. இருங்க, இந்த லாரிய அனுப்பிட்டு...”

அவள் அதற்குள் ஸ்கூட்டரை உதைத்திருந்தாள்.

தெரு முழுக்க மதிய நேரத்து நெரிசல். சிக்னல் சிவப்பில் நின்றது. நிற்காமல் போனாள். யாரோ கத்தினார்கள், “ஏம்மா, சாகுறதுக்கு வேற வண்டி கிடைக்கலியா?” ஹாரனில் அழுத்திய கட்டைவிரலை அவள் எடுக்கவேயில்லை. கண் சாலையில் இருந்தது, மனசு அந்தச் சக்கரத்தின் மேல் இருந்தது. ஆபத்தான சக்கரத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருப்பார்களே? போன வாரம் அவன் சொல்லிச் சிரித்ததும் ஞாபகம் வந்தது: “முதலாளி எல்லாத்துக்கும் ஒரே வெள்ளிப் பெயின்ட் அடிச்சுட்டாரு. பேக்டரியே கல்யாணப் பொண்ணு மாதிரி மின்னுது.”

ஆக்சிலேட்டரைக் கடைசிவரை முறுக்கினாள்.

பேக்டரி வாசலில் லாரி பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நின்றது. சுவருக்கும் லாரிக்கும் இடையில் ஸ்கூட்டரைச் செருகிப் போட்டுவிட்டு ஓடினாள்.

“அம்மா, கேட் பாஸ்! கேட் பாஸ் இல்லாம உள்ள போகக் கூடாது!” வாட்ச்மேன் பின்னாலேயே ஓடிவந்தார்.

ஐஸ் பாளங்கள் வழுக்கும் ஈரத் தரை. ஒருமுறை விழுந்து எழுந்தாள். கடைசியில் தடித்த இரும்புக் கதவு. தோளால் முட்டித் திறந்ததும் கம்ப்ரசர்களின் இரைச்சல் அவளை வெளியே தள்ளுவதுபோல வந்தது.

அறையின் மறுகோடியில் கணவன். காதில் இரைச்சல் தடுக்கும் மூடி. முகமூடியைக் கழுத்துக்கு இறக்கி விட்டிருந்தான்; முகமெல்லாம் வியர்வை. எதிரே ஸ்டூலில் டேப்லெட். அதில் அவள் முகம் புன்னகையோடு பேசிக்கொண்டிருந்தது. அவன் இரண்டு கைகளும் இடது சக்கரத்தின் மேல்.

இன்னும் திறக்கவில்லை! ஏன்?

சக்கரத்தில் ஒரு நீளக் கம்பியைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தான். பாடத்தில் பார்த்தபடியே வலப்பக்கமாக. அவளுக்கு உடனே புரிந்தது. சுற்றும் திசையும்தானே மாறியிருக்கும்! திறப்பதாக நினைத்து, மூடியிருப்பதை இன்னும் இறுக்கிக்கொண்டிருக்கிறான்.

“விடுங்க! அத விடுங்க!”

இரைச்சல் அவள் குரலை விழுங்கியது. அவன் நிமிர்ந்து முன்கையால் நெற்றியைத் துடைத்தான். டேப்லெட்டை ஒருமுறை பார்த்தான், சக்கரத்தை ஒருமுறை பார்த்தான். சரி, வீட்டுக் குழாய் மாதிரித்தான் திருகிப் பார்ப்போமே என்று தோன்றியிருக்க வேண்டும். கம்பியை மறுபக்கம் மாற்றிப் போட்டான்.

“வேண்டாம்!”

சக்கரம் அசைந்தது.

சீறல். குழாயின் வாயிலிருந்து வெள்ளைப் புகை அவன் மார்பில் மோதி முகத்துக்கு ஏறியது. கம்பி கீழே விழுந்தது. அவன் கண்களைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான். ஆனால் ஓடவில்லை. மூட வேண்டும் என்று அந்த நிலையிலும் புத்தி சொல்லியிருக்கிறது. தடவித் தடவிச் சக்கரத்தைப் பிடித்து, மூடுவதற்காகச் சுற்றினான்.

பாடத்தில் அவள் மூடுவதைப் பார்த்து மனப்பாடமான பக்கம். இடப்பக்கம்.

சீறல் அலறலானது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு புகைக்குள் நுழைந்தாள். கண்ணில் ஊசி குத்தியதுபோல் எரிந்தது, மூடிக்கொண்டாள். கை முதலில் அவன் முதுகில் பட்டது, பிறகு தோளில், பிறகு சக்கரத்தை இறுகப் பிடித்திருந்த விரல்களில். அவற்றின் மேல் தன் விரல்களை வைத்து வலப்பக்கம் இழுத்தாள். அவன் இடப்பக்கம் இழுத்தான். அவள் பலம் பத்தவில்லை. யாரோ தன்னைத் தடுக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் முரட்டுத்தனமாகத் திருகினான். மூச்சு முட்டியது. நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

குனிந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள்.

அவன் கை விலகியது. அவள் சுற்றினாள். ஒரு சுற்று, இன்னொன்று, இன்னும் ஒன்று. அலறல் சீறலாகி, சீறல் முனகலாகி, நின்றது. அவன் சட்டைக் காலரைப் பற்றி இழுத்தபடி கதவு இருந்த பக்கமாகத் தவழ்ந்தாள். வெளியே வந்து விழுந்ததும் வாட்ச்மேன் வாளி வாளியாகத் தண்ணீரைக் கொட்டினார். கேட் பாஸ் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

ஆம்புலன்ஸில் அவன் கண்களுக்கு மேல் ஈரப் பஞ்சு வைத்திருந்தார்கள். சரியான நேரத்தில் கழுவியதால் பார்வை தப்பிக்கும் என்று நர்ஸ் சொன்னாள். இவ்வளவு நடந்தும் அவன் வாய் ஓயவில்லை, குரல் மட்டும் கரகரத்தது.

“டீச்சரம்மா, அழுவுறியா?”

“இல்லங்க. கண்ணு எரியுது.”

“கடிச்சது நீதானா? நாயோன்னு நெனச்சேன்.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வாட்ச், செல்ஃபி கேமரா, இடவலம்.

“அப்ப நான் படிச்சது அத்தனையும்...”

“அந்த ஒரு பாடம்தாங்க. மத்ததெல்லாம் ஆபீஸ்ல எடுத்தது, சரியாத்தான் இருக்கு.”

“ஆனா அந்த ஒண்ணத்தானே நான் அதிகமா பாத்தேன். உன் முகம் நல்லா விழுந்தது அதுலதான்.”

அவன் கையை எடுத்துக் காற்றில் நீட்டி வைத்தாள்.

“சக்கரம் இருக்குன்னு நெனச்சுக்கோங்க. இப்ப அத மூடுங்க.”

“அதான் சொல்லிட்டியே. வலப்பக்கம்.”

“சொல்ல வேண்டாம். சுத்திக் காட்டுங்க.”

அவன் வெறும் காற்றைப் பிடித்துச் சுற்றினான். இடப்பக்கம்.

பாதி சுற்றில் தானே உணர்ந்து நிறுத்தினான். அவள் அந்தக் கையைப் பற்றி வலப்பக்கம் திருப்பினாள், மெதுவாக, குழந்தைக்கு எழுதப் பழக்குவதுபோல.

“இன்னொரு தடவ,” என்றாள்.

அவன் கை எழுந்தது. ஒரு கணம் அந்தரத்தில் தயங்கியது. பிறகு மறுபடியும் இடப்பக்கமே போனது.