கூரைக்கு மேலே போன கம்பி

"அக்கா, வீடு உங்களோடதுதான், சரி. நிலம் யாரோடது?"

கம்பத்தின் உச்சியிலிருந்து மின்சாரக் கம்பெனிக்காரன் இப்படிக் கேட்டதும் யூலாலிக்கு வயிறு எரிந்தது. ராணிக்கு முடிசூட்டிய அந்த வருஷம் பார்படோஸில் அந்தச் சாலை நெடுகக் கம்பம் நட்டபோது, குழிகளுக்குக் கல் சுமந்தவள் அவள். கம்பி அவள் கூரைக்கு மேலேதான் போகிறது. கரும்புத் தோட்டத்து மாளிகையில் கோழிக்கூண்டில்கூட விளக்கு எரிகிறது. அவள் வீட்டிலோ மண்ணெண்ணெய்ப் புகையில் புருஷன் டார்ன்லி மூச்சுக்குத் திணறுகிறான். புகை ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விளக்கை அணைத்தால் தையல் வேலை நடக்காது. பகலெல்லாம் அவள் கரும்புக்காட்டில் அல்லவா நிற்கிறாள்?

நிலம் தோட்டத்துடையது. நிலத்துக்காரர் சம்மதிக்காமல் கம்பெனி வீட்டுக்குக் கம்பி இழுக்காது. சம்மதம் கேட்டுப் போனபோது மேனேஜர் கோலப் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னிக்குக் கம்பி கேப்பே. நாளைக்குக் கல்லுச் சுவரு. அப்புறம் நிலமே என்னுதும்பே."

"என் புருஷனுக்கு மூச்சு முட்டுது ஐயா."

"ஜன்னலைத் தொறந்து வை."

என்ன திமிர்! அவள் பாட்டன் காலத்திலிருந்தே அந்த மண்ணில் அஸ்திவாரம் தோண்ட யாரையும் விட்டதில்லை. துரத்தினால் மறுநாளே கழற்றிக்கொண்டு போகத் தோதாக, எல்லாருடைய பலகை வீடும் வெறும் கற்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். திரும்பி நடக்கையில் அவளுக்குச் சட்டென்று உறைத்தது. துரத்தினால்தான் போக வேண்டுமா?

டார்ன்லியின் அக்கா மெர்லுக்குச் சாலையோரம் சொந்த நிலம் உண்டு. அவள் மாமனார் பனாமாக் கால்வாயில் உழைத்து வாங்கிப் போட்டது.

"வந்து உக்காருடி," என்றாள் மெர்ல். "ஆனா என் சேவல் கூவுதுன்னு வாயைத் தொறக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தெருவே திரண்டு வந்தது. ரம் ஒரு பக்கம், மீன் வடை ஒரு பக்கம். கூரை இறங்கியது, நாலு சுவரும் பிரிந்து லாரியில் ஏறின. டார்ன்லி மரத்தடி நாற்காலியில் இருந்தபடி இருமலுக்கு நடுவே அதிகாரம் பண்ணினான்.

"மெதுவாடா. சுவருடா அது, உன் மாமியார் இல்ல."

கதவை மட்டும் யூலாலி லாரியில் ஏற்ற விடவில்லை. தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். மாளிகை வாசலைத் தாண்டும்போது பின்னால் கார் ஹாரன் அலறியது. கோலப் தலையை வெளியே நீட்டினார்.

"யாரைக் கேட்டு வீட்டைப் பிரிச்சே?"

"வீடு என்னுது ஐயா. உங்க நிலம் அங்கேயேதான் கெடக்கு, போய்ப் பாருங்க."

"நாளைலேருந்து கரும்புக்காட்டுப் பக்கம் வராதே. ஒதுங்குடி."

இனி வெறும் தையலை நம்பித்தான் அடுப்பெரிய வேண்டும். ஒரு கணம் நின்றாள். பிறகு கதவை இரண்டு கையாலும் பிடித்து, தலைமேலேயே குறுக்காகத் திருப்பினாள். இரு பக்கமும் கரும்பு நெருக்கிய அந்த ஒற்றைச் சாலை முழுக்க அடைபட்டது.

ஹாரன் மறுபடி அலறியது. யூலாலி அவசரப்படாமல் நடந்தாள். கார் அவள் பின்னாலேயே ஊர்ந்து வந்தது.