ஆறு புள்ளிக்குள் தோற்கலாம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரோகினி அனுப்பிய செய்தியில் முதல் இரண்டு வரிகளை மட்டும்தான் படித்தேன். "குமுதா, அம்மாகிட்ட சொல்லிடு. கடைசி ஆட்டத்துல ஜெயிச்சா நேரா உள்ள போயிடுவோம்." அதற்குக் கீழே 'ரீட் மோர்' என்று நீல எழுத்து இருந்தது. நான் அதைத் தொடவில்லை. என் மடியில் இருந்த மொழிபெயர்ப்பு நாவலில் ஒரு ரயில் பனியில் புதைந்து நின்றது. உள்ளே ஒரு கிழவர் யாருக்கும் தெரியாமல் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். செரம்பான் பக்கம் சுவாவுக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், மின்விசிறிக்கு அடியிலும் வியர்த்துக்கொண்டு படுத்திருக்கும் ஒருத்திக்கு அந்தப் பனியை விட்டு எழுந்து வர மனம் வருமா?

ரோகினி வீடு அடுத்த வீடுதான். வேலிக்கு மேல் எட்டி, "அத்தே, ஜெயிக்கணுமாம். ஜெயிச்சா உள்ள" என்று சொல்லிவிட்டுப் பனிக்குத் திரும்பினேன்.

வள்ளியம்மா அத்தை ரோகினியின் அம்மா. செம்பனைக்கு உரம் போடும் வேலை. எதையும் ஆறப்போட மாட்டார். அரை மணி நேரத்தில் பதினாலாம் பிளாக் ஓரத்து முனியாண்டி கோவிலுக்குப் போய், பூசாரி தங்கராஜு முன்னால், இன்றைய ஆட்டத்தில் பிள்ளைகள் ஜெயித்தால் சிவப்புச் சேவல் தருவதாக நேர்ந்துகொண்டு வந்துவிட்டார். சேவலின் காலை ராஃபியா கயிற்றால் கட்டித் தோட்ட மண்டபத்துக்கே தூக்கி வந்தார். ஜெயித்த கையோடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் அல்லவா.

ரோகினி தேசியப் பெண்கள் ரக்பி அணியில் ஆடுகிறாள். பக்கத்துக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம். கொட்டாவி விட்டால் பாதி ஆட்டம் போய்விடும். உலகப் போட்டிக்கு யார் யார் போவது என்று முடிவாகும் சுற்று அப்போது ஒரு வெளிநாட்டு நகரத்தில் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன் இரண்டு வருடம் முழங்காலில் தையலோடு வெளியே உட்கார்ந்திருந்தவள் அவள். இந்தத் தடவையும் இல்லையென்றால் ஜெர்சியைக் கழற்றிவிட்டு செரம்பானில் பழைய ஃபேக்டரி வேலைக்கே போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

மண்டபத்தில் அறுவடை ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமி சுவரில் வெள்ளைத் துணி கட்டி, அதில் ஆட்டத்தை ஓடவிட்டிருந்தார். நாற்பது பேர் இருந்தோம். முதல் பாதி முடிந்தபோது எங்களுக்கு ஐந்து, வெள்ளைச் சட்டைக்காரிகளுக்குப் பன்னிரண்டு.

"ஏழுதான்லா வித்தியாசம்" என்றார் நல்லசாமி. "கோட்டத் தாண்டிப் பந்த வச்சா அஞ்சு. பொறவு கம்பத்துக்கு நடுவுல ஒதச்சா ரெண்டு. சமமாயிரும்."

"சமமானா பத்தாது மண்டோரே. ஜெயிக்கணுமாம். குமுதா சொன்னா" என்றார் அத்தை. மடியில் சேவல் என்னைப் பார்த்தது.

சரியாகத்தான் சொன்னேனா என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது. செய்தியைத் திறந்தேன். நீல எழுத்தைத் தொட்டேன். செய்தி கீழே கீழே நீண்டுகொண்டே போனது.

"தோத்தாலும் வழி இருக்கு. மூணு குழு. ஒவ்வொண்ணுலயும் முதல் ரெண்டு டீம் போகும். மூணாவதா வர்ற மூணு டீம்ல நல்லதா ரெண்ட எடுப்பாங்க. போட்ட பாயிண்டுல வாங்குன பாயிண்ட கழிச்சிப் பாப்பாங்க. எங்களுக்கு இப்ப மைனஸ் ஏழு. இன்னொரு குழுவோட மூணாவது டீம் மைனஸ் பதினாலுல முடிச்சிட்டாங்க. அதனால ஆறு பாயிண்டுக்குள்ள தோத்தா நாங்க உள்ள. ஏழுல தோத்தா அவங்களோட சமமாயிடும், ஆனா நாங்க போட்ட பாயிண்டு கம்மி, அதனால வெளிய. அம்மாவுக்கு நல்லா வெளங்க வச்சிடு, பயந்துக்கப் போறாங்க."

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. அத்தையின் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வேறு எதற்கோ வெளிறியது.

"ஆலாமா. சாமிகிட்ட ஜெயிக்கணும்னு சொல்லிட்டேனே."

"அதனால என்னாத்தே?"

"அவரு அதுக்குத்தானே தள்ளுவாரு. இதுங்க ஜெயிக்கிறேன்னு கண்ணுமண்ணு தெரியாம ஓடும். பந்த விட்டுட்டு இன்னும் ரெண்டு கோடு வாங்கிட்டு வந்து நிக்கும். மோட்டர எடு."

"இப்பவா?"

"ஆட்டம் முடிஞ்ச பிறகா?"

வாயைத் திறந்தால் நான் பாதிச் செய்தியை மட்டும் படித்த கதை வெளியே வரும் என்று பயந்து நானும் எதிர்த்துப் பேசவில்லை. மோட்டர் சைக்கிளைக் கிளப்பினேன். பின்னால் அத்தை, ஒரு கையில் சேவல், இன்னொரு கையில் ஆட்டம் ஓடும் என் கைப்பேசி. செம்மண் பாதையில் குழிக்குக் குழி சேவல் என் முதுகில் கொத்தியது. மரங்களின் நிழல் எங்கள் மேல் வரி வரியாக ஓடியது. எனக்கு ஏனோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த ரயில், அந்தப் பனி, அந்தக் கிழவர், எல்லாரும் எங்கோ பின்னால் நின்றுவிட்டார்கள்.

"கோடு போட்டுட்டாளுங்க" என்று அத்தை கத்தினார். "ஒதச்சதும் உள்ள போயிருச்சி. பன்னெண்டுக்குப் பன்னெண்டு."

அதோடு படம் உறைந்தது. செம்பனைக்குள் லைன் கிடையாது.

பூசாரி தங்கராஜு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அத்தை அவர் தோளை உலுக்கினார். "அண்ணே, வேண்டுதல மாத்தலாமா?"

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "ஆட்டம் முடிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப மாத்தலாம். முடிஞ்ச பிறகு மாத்துனாத்தான் ஏமாத்து வேல."

அத்தை சூலத்தின் முன் நின்று மூச்சு வாங்கினார். "முனியாண்டி, ஜெயிச்சா சந்தோசம். ஆனா அதுக்காகப் புள்ளைங்கள வெரட்டாத. ஆறு பாயிண்டுக்குள்ள தோத்தாலும் எனக்குப் போதும். சேவலு அதே சேவலுதான்."

"ஆறு சேத்தா, சேக்காமலா?" என்று தங்கராஜு கேட்டார். "தெளிவா சொல்லிடு தாயி. அவருக்குக் கொழப்பம் வரக் கூடாது."

"ஆறு சேத்து."

"சரி. ஓடு."

தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில்தான் லைன் கிடைக்கும். மோட்டரை முறுக்கி மேலே ஏற்றி நிறுத்தியதும் படம் துள்ளி எழுந்தது. பன்னிரண்டு, பதினேழு. நாங்கள் இல்லாத நேரத்தில் வெள்ளைச் சட்டைக்காரிகள் இன்னொரு கோடு போட்டிருந்தார்கள். அதற்குப் பின் கம்பத்துக்கு நடுவே உதைத்தது தவறிவிட்டது. வித்தியாசம் ஐந்து. இன்னும் சில நொடிகள்தான்.

இந்த ஆட்டத்தில் புள்ளி எடுத்தவர்களேதான் மறுபடி பந்தை உதைத்துக் கொடுக்க வேண்டும். உதைத்தார்கள். பந்து சுழன்று சுழன்று நம் கோட்டுக்கு அருகே வந்து ரோகினியின் கையில் விழுந்தது. நேரம் முடிந்த சங்கு ஊதியது. பந்து வெளியே போகிற வரைக்கும் ஆட்டம் முடியாது.

அவளுக்கு இடதுபக்கம் ஆளே இல்லை. எனக்கே தெரிந்தது, ஓடினால் ஜெயிக்கலாம். வழியில் ஒருத்தி மறித்துப் பந்தைப் பிடுங்கினால் எல்லாம் போகும். ரோகினி அந்த இடைவெளியைப் பார்த்தாள். அவள் தோள் அந்தப் பக்கம் சாய்வதும் தெரிந்தது.

"வேணாம்டி" என்றார் அத்தை மெல்ல. அடுத்த அறையில் இருக்கும் பிள்ளையிடம் சொல்வதைப் போலச் சொன்னார்.

ரோகினி பந்தைத் தூக்கிப் பார்வையாளர்கள் பக்கம் உதைத்தாள்.

அத்தை இரண்டு கையையும் மேலே எறிந்தார். கைப்பேசியை நான் பிடித்துவிட்டேன். சேவலை யாரும் பிடிக்கவில்லை. ராஃபியா கயிறு எப்போது அவிழ்ந்ததோ, அது தொட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுச் செம்பனைக்குள் ஓடி மறைந்தது.

மண்டபத்துக்கு நாங்கள் கத்திக்கொண்டே திரும்பினோம். அங்கே பாதி நாற்காலிகளை அடுக்கிவிட்டிருந்தார்கள். நல்லசாமி வெள்ளைத் துணியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

"மனச தேத்திக்க வள்ளி" என்றார். "இருந்தாலும் கைக்கு வந்த பந்த யாராச்சும் வெளிய ஒதைப்பாங்களா? பெத்தவகிட்ட சொல்லக் கூடாதுதான்."

"வெளிய ஒதச்சதுனாலதான் மண்டோரே எம்மவ உள்ள போயிட்டா."

அதிர்ச்சியில் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். நான் நாற்காலி மேல் ஏறி, செய்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்தேன். ஒருமுறை போதவில்லை. இரண்டாவது முறை 'ஆறு பாயிண்டுக்குள்ள' என்ற இடத்தில் நல்லசாமி விரல்விட்டு எண்ணினார், மறுபடி எண்ணினார், மடித்த துணியை உதறித் தலையில் போர்த்திக்கொண்டு ஆட ஆரம்பித்தார். உர வாளிகள் உறுமியாகின. தோற்றதற்காக இப்படி ஆடிய தோட்டம் உலகத்தில் வேறு இருக்காது.

மாலையில் ரோகினி கைப்பேசியில் படத்தோடு பேச வந்தாள். கன்னத்தில் சேறு, மூக்கில் பஞ்சு.

"அம்மா, நான் பந்த வெளிய அடிச்சப்ப பயந்துட்டியா?"

"நான் ஏன் பயப்படுறேன்? நாந்தானே சொன்னேன்."

"யார்கிட்ட?"

"அத விடு. அந்தப் பெரிய போட்டி எப்ப?"

"இன்னும் ரெண்டு மாசம் இருக்கும்மா."

அத்தை வாசலுக்கு அப்பால் இருட்டத் தொடங்கிய செம்பனையைப் பார்த்தார். உள்ளே எங்கிருந்தோ சேவல் நேரங்கெட்ட நேரத்தில் கூவியது.

"சரி. அங்க எத்தன பாயிண்டுல தோக்கணும்னு முன்னாடியே சொல்லிடு. குமுதாகிட்ட சொல்லாத, எனக்கே அனுப்பு. இந்தச் சேவல மொதல்ல புடிச்சிக் குடுக்கணும்."