வெர்னா ஹாகன் துப்பாக்கி கேட்ட கதை

1

இந்தக் கதையை வெர்னா ஹாகனிடம் கேட்டு வாங்கினேன். மின்னசோட்டாவின் வடகோடியில் எங்கள் சிற்றூர்; வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டார்.

"எழுதிக்கோ. ஆனா என்னை நல்லவளாக்கிடாதே. படிக்கிறவங்க யாராவது ‘ஐயோ பாவம்’னு சொன்னா, உன் வீட்டுப் பாதையில பனி தள்ள மாட்டேன்."

இதை வெறும் மிரட்டல் என்று நினைத்துவிடாதீர்கள். மாவட்டத்தின் பனி தள்ளும் லாரியை ஓட்டுபவர் அவர்தான். அவர் வராவிட்டால் ஜனவரி மாதத்தில் பால் வாங்கக்கூட நான் வெளியே போக முடியாது. ஆகவே கொஞ்சம் பயத்தோடும் நிறையப் பெருமையோடும் இதை எழுதுகிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘காட்டின் விளிம்பில் அந்த மனிதன் வெறுங்கையோடு நின்றான். அவன் கண்களில் இழந்த’

இழந்த என்ன? தெரியவில்லை, நிறுத்திவிட்டேன். துப்பாக்கி என்றதும் என் கை தானாக ஓர் ஆண்பிள்ளையை வரைந்துவிட்டது. வெர்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, வலது முழங்காலில் வலி, பெருங்குரல்.

இரண்டாவது தொடக்கம்: ‘மதுக்கடையில் அந்த முரடன் அவள் கையைப் பிடித்து இழுத்தபோது, அவள் வேறு வழியின்றி’

இதை அவரிடமே படித்துக் காட்டினேன். அதோடு செத்தது.

"அவன் என்னைத் தொடவே இல்லை. பில்லியர்ட்ஸ்ல என் முறை. அவன் குறுக்க புகுந்து ஆடினான். நான் போதையில இருந்தேன். கோலால ஒரே போடு, அவன் கை உடைஞ்சுது. இதுல வேறு வழி எங்க இல்லாம போச்சு? சும்மா உக்காந்திருந்தா அதுவே வழி."

(அன்றோடு குடியை விட்டார் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதையும் அடிக்கச் சொன்னார். "பீர் குடிக்கிறேன். எழுது.")

அவருடைய இருபது சொச்சம் வயதில் நடந்த தப்பு அது. சிறையில் இருந்தார், வெளியே வந்தார், கை உடைந்தவனுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார், வேலைக்குப் போனார். ஊர் மறந்துவிட்டது. சட்டம் மறக்கவில்லை.

3

வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் துப்பாக்கியைத் தொடக்கூடாது. ஒற்றைத் தோட்டாவைக்கூட வைத்திருக்கக் கூடாது. தன் வீட்டுக்குள்ளும் துப்பாக்கி இருக்கக் கூடாது, அது கணவனுடையதாக இருந்தாலும் வம்புதான். அதனால் வெர்னாவின் கணவர் லைல், தன்னுடைய இரண்டு துப்பாக்கிகளையும் அண்ணன் வீட்டில்தான் வைத்திருக்கிறார். நவம்பரில் மான் வேட்டைக் காலம் தொடங்கும். பள்ளிக்கூடம் காலியாகும், பாதிரியார் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார். அப்போது லைல் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டி, தன் பொருளை வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போவார். திரும்பும்போது அங்கேயே ஒப்படைத்துவிட்டு, வாசலில் நின்று கோட்டுப் பைகளையெல்லாம் வெளியே இழுத்து உதறிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

இப்படிப்பட்டவர்களுக்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நீதிபதியிடம் மனுப்போடலாம். தகுந்த காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால் உரிமையைத் திருப்பித் தருவார். தோன்றாவிட்டால் மறுபடி கேட்கச் சில வருஷங்கள் காத்திருக்க வேண்டும்.

என் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். வில்லால் வேட்டையாட அவருக்குத் தடையில்லை, நன்றாகவே ஆடுகிறார். பிறகு எதற்குத் துப்பாக்கி? கேட்டேவிட்டேன்.

"வில்லால அடிச்ச மானை நீயும்தானே தின்னே? நல்லாத்தானே இருந்தது?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் மீனைக் கிளறிக்கொண்டிருந்தார். "லைல் தன்னோட சாமானைத் தன் அண்ணன்கிட்டப் போய்க் கேட்டு வாங்குறான். வருஷா வருஷம். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லித் தொலைச்சிருந்தா இந்த மனுவே போட்டிருக்க மாட்டேன்."

என் சந்தேகம் அதோடு தீர்ந்தது.

4

விசாரணை நாள். லாரியே கிளம்ப மறுக்கும் குளிர். வீட்டைவிட்டுப் புறப்படும்போது வெர்னாவின் கோட்டு ஜிப் பிய்ந்துவிட்டது. லைல் தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டார். தேவாலயத்துக்கும் அதுதான், காட்டுக்கும் அதுதான்.

[எங்கள் ஊர்க்காரர்கள் இந்த இடத்திலேயே தலையில் கை வைத்துவிடுவார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வேட்டைக் காலம் முடிந்ததும் இங்கே துணி துவைக்கும் இயந்திரங்களில், பையில் மறந்துபோன தோட்டா உருளும் சத்தம் கேட்காத வீடு கிடையாது.]

நீதிமன்றத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தியதும் வெர்னா குளிருக்குக் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். பையில் ஓட்டை. ஓட்டை வழியே கோட்டின் உள்துணிக்குள் போன விரலில் ஏதோ தட்டியது. இழுத்து வெளியே எடுத்தால், தோட்டா. லைல் எத்தனை உதறினாலும் விழாமல் அங்கேயே பதுங்கியிருந்திருக்கிறது.

லைல் கையை நீட்டினார். "குடு. பனியில எறிஞ்சிடுறேன்" என்றார். வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்குப் பனி குவிந்து கிடந்தது. வெர்னாவே தள்ளிக் குவித்த பனி அது.

(அ) வெர்னா கண்ணாடியை இறக்கி எறிந்துவிடுகிறார். இதை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எனக்கு அவரைப் பிடிக்கும், காப்பாற்ற ஆசைப்பட்டேன். படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். "அழகா இருக்கு. இது வேற யாரோ."

(ஆ) லைல் அதைப் பிடுங்கிக்கொண்டு, என் கோட்டு, என் தோட்டா என்கிறார். முக்கால்வாசி உண்மைதான். நிஜத்தில் லைல் கெஞ்சியும் பார்த்தார். "கோட்டு உன்னுது. எடுத்த கை என்னுது" என்று முடித்துவிட்டார் வெர்னா.

(இ) நடந்தது. உள்ளே போனார். சோதனை இயந்திரத்துக்கு முன்னால் இருந்த தட்டில் சாவி, பெல்ட், அதற்குப் பக்கத்தில் தோட்டாவை வைத்தார்.

காவலுக்கு நின்றவர் ட்ரெவர் என்ற இளம் அதிகாரி. வெர்னா எதற்காக வந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். தட்டைப் பார்த்தார், யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெர்னா, நான் இன்னும் எதையும் பாக்கலை. வண்டிக்குப் போயிட்டுத் திரும்ப வாங்க."

"பாத்துட்டே, ட்ரெவர். நடந்ததை அப்படியே நீதிபதிகிட்டச் சொல்லிடு."

5

நீதிபதி நகரத்திலிருந்து புதிதாக வந்த பெண்மணி. ட்ரெவர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது வெர்னாவைத் தவிர எல்லாரையும் பார்த்தார். இதைக் கையில் வைத்திருந்ததே தனிக் குற்றம், தெரியுமா என்று நீதிபதி கேட்டார். தெரியும் என்றார் வெர்னா. யாரும் பார்க்கவில்லையே, தூக்கி எறிந்துவிட்டு வந்திருக்கலாமே என்றார் நீதிபதி.

"எறிஞ்சிருக்கலாம்மா. அப்புறம் உங்க முன்னால கையைத் தூக்கி, உண்மையத்தான் பேசுவேன்னு சத்தியம் பண்ணணும். அதே கையை எப்படித் தூக்குறது?"

இந்த வரியை எழுதும்போது எழுந்துபோய் ஜன்னலருகே நின்றேன். என் ஊர்க்காரி. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

நீதிபதி யோசிக்க வேண்டும் என்று தன் அறைக்குள் போய்விட்டார்.

6

வெளியே தாழ்வாரத்தில் ஒரு மர பெஞ்சு. இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். லைல் பேசுவதைக் கேட்டவர்கள் ஊரில் குறைவு. பேசினாலும் வானிலையைத் தாண்ட மாட்டார். அன்று தாண்டினார்.

"இத்தனை வருஷமா அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டும்போதெல்லாம் தலையைக் குனிஞ்சிட்டு நிப்பேன்" என்றார். "இனிமே குனிய மாட்டேன். உள்ள அந்தம்மா என்ன சொன்னாலும் சரி. இவ யாரு பொண்டாட்டின்னு எவனாவது கேக்கட்டும்னு இருக்கு எனக்கு."

வெர்னா ‘வாயை மூடு’ என்றார். ஆனால் பிடித்திருந்த அவர் கையை விடவில்லை.

பிறகு கதவு திறந்தது. ட்ரெவர் வந்து கூப்பிட்டார். வெர்னா எழுந்து

7

இதற்கு மேல் எழுத மாட்டேன். நீதிபதி என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். கொடுத்தார் என்று எழுதினால், உண்மைக்குக் கூலி கிடைத்தது என்று நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடுவீர்கள். மறுத்தார் என்று எழுதினால், சட்டத்தைத் திட்டிவிட்டு இன்னும் நிம்மதியாக மூடுவீர்கள். எப்படியும் தப்பித்துவிடுவீர்கள்.

நீதிபதியின் நாற்காலியைக் காலியாக விட்டிருக்கிறேன். போய் உட்காருங்கள். மேசைமேல் ஒரு தோட்டா, எதிரே ஒரு பெண். கை உடைத்தவர், அதையும் மறைக்காதவர். உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், கெஞ்சவில்லை. சொல்லத் திணறுகிறீர்கள் இல்லையா? அவர் அதைப் பனியில் எறிந்திருந்தால் உங்களுக்கு இந்தச் சங்கடமே வந்திருக்காது.