மூன்றாவது குழாய்

"நுரையைச் சேக்காதே. எச்சில் மட்டும் கோடு வரைக்கும் வரணும்," என்றாள் மகள், குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி.

"இதுக்கு மேல என்கிட்ட சரக்கு இல்லக்கா," என்றான் சின்னவன்.

கட்டிலில் கிடந்த அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஊரே காறித் துப்புற மாதிரி காரியம் பண்ணத் தெரியுது. உனக்குத் துப்பத் தெரியல."

சின்னவன் சிரித்தான். சிரித்ததில் வாய் ஊறிக் குழாய் நிரம்பியது.

அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கி மூன்று நாளாகிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்துப் போகும் நர்ஸ் முந்தின நாள் மகளைத் தனியே அழைத்து, "இன்னிக்கோ நாளைக்கோம்மா," என்று கிசுகிசுத்தாள். அது அவர் காதில் விழுந்துவிட்டது. மோட்டார் ரீவைண்டிங் கடையில் நாற்பத்தைந்து வருஷம் பழகின காது. ஓடுகிற மோட்டார்மேல் திருப்புளி முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுகிற காது.

"நாளைக்குன்னே வெச்சுக்கலாம். இன்னிக்கு வேலை பாக்கி இருக்கு," என்றார்.

புராஸ்டேட்டில் ஆரம்பித்து எலும்புவரை போய்விட்ட புற்றுநோய் அவருக்கு. அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் போனது இதில்தான். அந்தக் காலத்தில் மூத்திரக் கோளாறு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். டாக்டரம்மா இவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, மரபணு ஒன்றில் பரம்பரையாக வருகிற கோளாறு இருக்கிறது என்றார். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இப்போதே தெரிந்தால் வருஷா வருஷம் சோதித்து, நோய் தலைதூக்கும்போதே பிடித்துவிடலாம்.

அப்பாவுக்கு அது உடனே விளங்கியது. வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் விளக்கினார். "வைண்டிங்லயே ஒரு சுத்து தப்பு. வெளியே தெரியாது. லோடு ஏறினாத்தான் காட்டும்."

"ஆம்பளைங்க சமாசாரத்துக்கு அக்கா எதுக்குப்பா?"

"அவளுக்கு மார்ல வரலாம்டா. அவளுக்கு ஒண்ணும் வராமலே அவ பையனுக்குக் கைமாறவும் செய்யலாம். எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டாங்க, மூணுன்னேன். மூணு குழாய் குடுத்துட்டாங்க."

மகள் அன்றைக்கே துப்பிக் கொடுத்தாள். இப்போது சின்னவனுடையதும் ஆயிற்று. நாலு மணிக்குப் பார்சல்காரர் பெட்டியை எடுக்க வருவார். மூன்றாவது குழாய்தான் காலியாகக் கிடந்தது. அது பெரியவனுடையது.

துப்புவதற்கு முன்னால் அரை மணி நேரம் எதையும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. பெரியவன் மூன்று வாரமாக, எப்போது வந்தாலும், "ஐயோ, இப்பத்தானே டீ குடிச்சேன்," என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தான்.

"கடையில மோட்டார் கட்டுறானா, டீ ஆத்துறானா?" என்றார் அப்பா. "மானேஜர், டீத்தூளை ஒளிச்சு வை." மகளை அவர் மானேஜர் என்றுதான் கூப்பிடுவார்.

பத்து மணிக்கு வாசலில் இரண்டு தரம் செருமல் கேட்டது. கேட்பவர்கள் அப்பாதான் எழுந்து போய்விட்டாரோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். பெரியவனின் செருமல் அப்படி. இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடையும் அவருடையதுதான்.

"வாடா. வாயைத் திற."

"தெருமுனையில இப்பத்தாம்ப்பா ஒரு டீ..."

"சொத்தா கேக்குறேன்? எச்சில்தானடா கேக்குறேன்."

பெரியவன் தலைக்குமேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தான். "இது என்ன டக்கு டக்குன்னு? ஏணி எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே பின்பக்கம் போய்விட்டான்.

மகள் விடவில்லை. பின்னாலேயே போனாள்.

"ஊசிகூட இல்லயே அண்ணே. என்ன பயம் உனக்கு?"

"பயமெல்லாம் இல்ல." அவன் ஏணியின் தூசியைத் தட்டினான். "எனக்கு எதுக்கு அது? நான் என்ன அவருக்குப் பொறந்தவனா?"

"ஏன், உன்னை என்ன சொன்னாரு? கோவமா?"

"கோவமில்லடி. உள்ளதைச் சொல்றேன். அம்மா இவரைக் கட்டிக்கிட்டப்போ எனக்கு மூணு வயசு."

அவள் அப்படியே நின்றாள். தெரியாத விஷயமில்லை. அவள் கல்யாணத்தின்போது துணி மடித்துக்கொண்டே அம்மா ஒருமுறை சொன்னதுதான். அம்மா போயும் ஒன்பது வருஷமாகிறது. அவள் அதை அடியோடு மறந்துபோயிருந்தாள்.

"என் மனசு நோகக் கூடாதுன்னு மூணுன்னு சொல்லியிருக்காரு," என்றான் பெரியவன். "நானும் ஒண்ணும் தெரியாதவன் மாதிரி துப்பி, பெட்டியில வெச்சு அனுப்பணுமா? சாகக் கிடக்கிற மனுஷன்கிட்ட நாடகமாடச் சொல்றியா?"

அவள் உள்ளே வந்தாள்.

"அப்பா, அண்ணனை விட்டுடலாம்ப்பா. அவனுக்கு அது தேவையில்ல."

"யார் சொன்னா? மொதல்ல அவனுக்குத்தான் பாக்கணும். என் குறட்டை, என் முன்கோவம், எல்லாத்தையும் அள்ளிக்கிட்டவன் அவன்தான். இதை மட்டும் விட்டுவெச்சிருப்பானா?"

"அப்பா..."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். விசிறி டக்கு டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. மெல்ல அவர் புருவம் உயர்ந்தது.

"அட," என்றார். "ஆமால்ல."

பிறகு ஒரு சிரிப்பு. இருமலும் இரைப்புமாகக் கட்டிலே குலுங்கியது. "டாக்டரம்மா கேட்டாங்கம்மா, மூணும் உங்க சொந்தப் பிள்ளைங்கதானேன்னு. அடிச்சுச் சொல்லிட்டு வந்திருக்கேன். சத்தியமா நெனப்பே வரல." கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் இன்னும் மறக்கலியா?"

"மறக்கலப்பா."

"அவனும் மறந்திருப்பான்னுல்ல நெனச்சேன்." மேலே விசிறியைப் பார்த்தார். "சரி, வந்து அந்த விசிறியைப் பாக்கச் சொல்லு."

பெரியவன் ஏணி போட்டு ஏறினான். விசிறியை நிறுத்தி, ஒரு திருகாணியை முடுக்கி, மறுபடி ஓடவிட்டு, மேல்மூடியில் திருப்புளியை வைத்துக் காதைக் கொடுத்தான்.

"இப்ப சரியாப்பா?"

பதில் இல்லை.

"அப்பா, இப்ப சத்தம் வருதா?"

விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. மகள் கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். பெரியவன் இறங்கி வர வெகுநேரம் ஆயிற்று.

மூன்று மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. ஐந்து மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. பக்கத்து வீட்டம்மா பெரிய பாத்திரம் நிறைய டீ போட்டுக் கொண்டுவந்தாள். பெரியவன் சமையலறை ஜன்னலோரம் நின்று முதல் மடக்குக் குடித்தபோது மகள் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, அது நாடகமில்ல. அவர் மறந்துட்டாரு."

"எதை?"

"நீ மூணு வயசுல வந்ததை."

"சும்மா சொல்லாத."

"நான் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு நின்னப்புறம்தான் ஞாபகமே வந்துச்சு. அப்படிச் சிரிச்சாரு."

"நீ ஏணிகிட்டேருந்து உள்ள போனதும் ஒரு சிரிப்பு கேட்டுச்சே, அதா? உன் சமையலைச் சொல்லிச் சிரிக்கிறாருன்னு நெனச்சேன்."

"நீயும் மறந்திருப்பேன்னு நெனச்சாராம்."

பெரியவன் இரண்டு தரம் செருமினான். டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று இருபது.

"ஒரு வாய் குடிப்பா, மொகமெல்லாம் வாடிப்போச்சு," என்று வற்புறுத்தினாள் பக்கத்து வீட்டம்மா.

"கொஞ்ச நேரம் போகட்டும்."

"அண்ணன் டீயை வேணாங்கிறானா?" சின்னவன் அக்காவின் காதைக் கடித்தான். "டாக்டரைக் கூப்பிடவா?"

மூன்று ஐம்பதுக்கு மூன்று பேரும் பின்பக்கம் போனார்கள். காலையிலிருந்து அழுத வாய், வறண்டு கிடந்தது.

"வரல," என்றான் பெரியவன்.

"புளியை நெனச்சுக்கோ."

"ஒரு மூட்டைப் புளியை நெனச்சாச்சு."

"ஊரே காறித் துப்புற மாதிரி..." என்று சின்னவன் அப்பா குரலில் ஆரம்பித்தான். முடிக்க முடியவில்லை. பெரியவனின் தோள் குலுங்கியது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று மகள் உற்றுப் பார்க்கவில்லை. அவன் குனிந்து துப்பினான். குழாயைத் தானே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"நுரைய விட்டுட்டுப் பாத்தாலும் கோடு வந்திருச்சு," என்றான். பிறகு, "எனக்கு இல்லைன்னுதான் வரும்."

"சின்னவனுக்கும் இல்லைன்னு வரலாம். யார் கண்டா?"

பார்சல்காரர் வாசல் நிறையக் கிடந்த செருப்புகளைப் பார்த்துத் தயங்கி நின்றார். பெரியவன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

"எத்தனை குழாய் சார்?"

"மூணு," என்றான். கையெழுத்துப் போட்டான்.

திரும்பி வந்து ஜன்னலோரம் நின்றான். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு ஒரே மூச்சில் குடித்தான். காலி டம்ளரை அவளிடம் நீட்டினான்.

"மானேஜர், இன்னொண்ணு இருக்கா?"