முழங்கை ஆழம்

எங்கள் எட்டுப் பேருக்கும் உருப்படியாகத் தெரிந்த வேலை ஒன்றுதான், சுடுவது. இனி சுடுவதற்கும் ஆளில்லை. போர் ஊர்களையெல்லாம் தின்று தீர்த்த பிறகு, இடிந்த பள்ளிக்கூடத்தின் விளையாட்டுத் திடலும் ஒரு மூட்டை விதைச்சோளமும்தான் எங்களுக்கு மிச்சம். விவசாயம் தெரிந்தவன் ஒருத்தன்கூட உயிரோடு இல்லை.

விதைப்புக்கு முந்தின நாள் என் மனைவி கெஞ்சினாள். "குழந்தைக்கு ஒரே ஒரு பிடி வேகவெச்சுக் குடுக்கலாம்ங்க. எழுந்து நிக்கக்கூட முடியல அவளுக்கு."

"விதையத் தொட்டா கைய உடைச்சிடுவேன்!" என்று கத்தினேன். குழந்தை படும் பாடு எனக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் அறுவடை வரை தாக்குப்பிடித்தால் அவளும் பிழைப்பாள், எல்லோரும் பிழைப்போம்.

விதைக்கும் பொறுப்பைக் கண்ணிக்காரரிடம் விட்டோம். பட்டாளத்தில் கண்ணிவெடி புதைத்தவர், மண்ணைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்ன! கயிறு கட்டி, வரிசை பிசகாமல், முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, மூட்டையில் இருந்த அத்தனை விதையையும் ஒவ்வொன்றாக வைத்து, தடம் தெரியாமல் மேலே தடவிவிட்டார்.

"மேலாப்புல வெச்சா காக்கா கொத்திட்டுப் போயிடும்ப்பா" என்றார். நாங்களும் தலையாட்டினோம். மூளை இருந்தால் பட்டாளத்துக்கா போயிருப்போம்?

மழை பெய்தது. காத்திருந்தோம். திடல் மொட்டையாகவே கிடந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் கண்ணிக்காரர் குப்புறப் படுத்து, பழைய பழக்கத்தில் கம்பியால் குத்திப் பார்த்து, விரலால் மண்ணை விலக்கினார். விதை கூழாகி நாறிப் போயிருந்தது. அடுத்ததும் அப்படித்தான். அந்த வரிசை முழுக்க அப்படித்தான்.

அப்போது எங்கள் பட்டாளத்துச் சமையல்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அங்க பாருய்யா."

மூட்டை வைத்திருந்த அறையிலிருந்து என் வீட்டு வாசல் வரை, மிதிபட்ட சேற்றில், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சோளக் குருத்து. பச்சைப் பசேலென்று.

வாசலில் என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். எதையும் மறைக்கவில்லை. "ஆமா, அன்னிக்கு ராத்திரி நான்தான் எடுத்தேன். ஒரு பிடிதான். துணியில கிழிசல், வழியெல்லாம் சிந்திடுச்சு."

கண்ணிக்காரர் மண்டியிட்டு ஒரு குருத்தின் அடியில் விரல் விட்டுப் பார்த்தார். ஒரு விரற்கடை ஆழம்கூட இல்லை. அத்தனை பேர் முன்னாலும் அந்த மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். இந்த நாலைந்து குருத்து கதிர் விட்டாலும் எட்டு வீட்டுக்கு எந்த மூலைக்கு?

"இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா," என் மனைவி என்னைப் பார்க்காமலே சொன்னாள், "மூட்டையோட திருடியிருப்பேன்."