ஒரு முறைதான் சொல்வார்

பாளையங்கோட்டையில் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வீட்டு மாடியைக் காலி செய்து வைக்க வேண்டும். கேட்டல் பகுதியின் ஒலிப்பதிவில் பேசுகிறவர்கள் வந்து தங்குவார்கள். யார் வீட்டுக்கு யார் என்பதைப் பயிற்சி நிலையம் முடிவு செய்யும். மாடி இல்லாதவர்கள் வாசிப்புப் பகுதியில் மதிப்பெண்ணை ஏற்றிக்கொள்ளப் பார்ப்பார்கள்.

பேச்சியம்மாள் வீட்டுக்கு மாடி இருந்தது. ஓர் அறை, ஒரு குளியலறை, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிற அளவு இடம். அவள் கணவன் செண்பகராஜ் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். கடையில் இடம் போதாமல் பழைய மோட்டார்களை அந்த அறையில்தான் அடுக்கியிருந்தான். பேச்சியம்மாள் விஷயத்தைச் சொன்னதும் அவன் மறுபேச்சுப் பேசாமல் எல்லாவற்றையும் கீழே இறக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அன்றிலிருந்து இருவரும் பத்து ஹெச்.பி.க்கு மேல் படுத்துத் தூங்கினார்கள்.

பேச்சியம்மாள் தனியார் மருத்துவமனை ஒன்றின் டயாலிசிஸ் பிரிவில் சீனியர் நர்ஸ். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவளை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றும் தேறிவிட்டன. கேட்டலில் மட்டும் இரண்டு முறையும் அரைப் புள்ளி குறைந்துபோனது. இந்த முறை வந்துவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நரம்பே கிடைக்காது என்று மற்றவர்கள் கைவிட்ட கைகளில் நரம்பு கண்டுபிடிக்கிறவள் அவள். அரைப் புள்ளி எங்கே போய்விடும்?

அவள் காதில் பழுது இல்லை. பழக்கத்தில்தான் பழுது. யார் எதைச் சொன்னாலும் முதல் முறை அவள் மனம் அதை உள்ளே விடாது. "என்னது?" என்பாள். இரண்டாம் முறை சொல்லும்போதுதான் கேட்கத் தொடங்குவாள். வார்டில் இதனால் தொந்தரவு வந்ததில்லை. நோயாளிகளோடு வருகிறவர்கள் எதையும் நான்கு தடவையாவது சொல்லுவார்கள். தொந்தரவெல்லாம் வீட்டில்தான். செண்பகராஜுக்கு எதையும் ஒரு முறைக்கு மேல் சொல்லத் தெரியாது. கல்யாணமான புதிதில் அவன் ஏதாவது சொல்வான். அவள் "என்னது?" என்பாள். அவன் "ஒண்ணுமில்ல" என்பான். அப்படியே வருடங்கள் போய்விட்டன. இப்போது அவன் சொல்வதையே குறைத்துக்கொண்டிருந்தான்.

பயிற்சி நிலையத்தில் ஹில்டா மேடம் அவளை அழைத்துச் சொன்னார்: "உனக்கு ஆள் போட்டாச்சு பேச்சி. முதல் பகுதியில வர்றவர். பார்லோன்னு பேரு. வீடு வாடகைக்குக் கேட்டு வருவாரு. நல்ல மனுஷன்தான்."

"சரி மேடம்."

"ஒரு தடவைக்கு மேல எதையும் சொல்ல மாட்டாரு. திருப்பிக் கேட்டுராத."

"கேட்டா?"

"கேட்டா அவருக்குக் கேக்காது."

மறுநாள் காலை மணி அடித்தது. அதன் பிறகு தெருவில் அரை நிமிடத்துக்கு எந்தச் சத்தமும் இல்லை. கேள்விகளைப் படித்துப் பார்த்துக்கொள்வதற்கான நேரம் அது. எதிர்வீட்டு நாய் வாயைத் திறந்தபடி காத்திருந்தது. அப்புறம் பேச்சியம்மாள் கதவைத் திறந்தாள்.

பார்லோ சாம்பல் நிறக் கோட்டுப் போட்டிருந்தார். ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார். தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். கடைசியில் ஒரு ஈ உண்டு என்றார். அறை தோட்டத்தைப் பார்த்திருக்கிறதா என்று கேட்டார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்திருக்கிறது என்றாள். அதுவும் நல்லதுதான் என்று குறித்துக்கொண்டார். பெட்டியோடு வியாழக்கிழமை வருவதாகச் சொல்லி, மன்னிக்க வேண்டும், புதன்கிழமை என்று திருத்திவிட்டுப் போனார்.

பேச்சியம்மாளுக்கு வியாழன்தான் மனதில் நின்றது. புதன்கிழமை அவள் டியூட்டிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது பார்லோ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. அவர் பதிவில் கோபம் இருந்ததில்லை. பக்கத்தில் செண்பகராஜ் ஒரு தேநீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தான்.

"மத்தியானமே வந்துட்டாரு. சாவி உன்கிட்ட இருந்துச்சு" என்றான்.

"என்னது?" என்றாள் பேச்சியம்மாள்.

"ஒண்ணுமில்ல."

அவளுக்கு உள்ளுக்குள் உறுத்தியது. புதன் என்று சொன்னது எப்படி விட்டுப்போனது என்று யோசித்துக்கொண்டே அறையைத் திறந்துவிட்டாள். அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பார்லோ தனக்கு மீன் ஒத்துக்கொள்ளும், சாளை மட்டும் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லியிருக்கிறார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவள் சாளைக் குழம்பு வைத்தாள். பார்லோ தட்டை மரியாதையாக ஓரம் தள்ளிவிட்டு வெறும் சோற்றைத் தின்றார்.

ஹில்டா மேடத்திடம் போய்ச் சொன்னாள். "விட்டதை நினைச்சுக்கிட்டே இருந்தா அடுத்ததும் போயிரும்" என்றார் மேடம். "போனதுக்கு ஒரு கோடு போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போகணும். இன்னொண்ணு. அவங்க ஒண்ணைச் சொல்லிட்டு மாத்திச் சொன்னா, ரெண்டாவதுதான் பதில். முதல்ல சொல்றது நம்மளைச் சறுக்கிவிடறதுக்கு."

பேச்சியம்மாளுக்கு வந்தது நல்ல ஆள் என்றே சொல்ல வேண்டும். தெருக் கோடியில் அவளோடு படிக்கிற ஆரோக்கியசெல்வி வீட்டு மாடிக்கு வந்தவர் நான்காம் பகுதிக்காரர். கடற்பாசியைப் பற்றி நிறுத்தாமல் விரிவுரை ஆற்றுகிறவர். அந்த வீட்டில் யாரும் குறுக்கே பேச முடியாததால் சாப்பாடு ஆச்சா என்று கேட்பதற்குக்கூட அவர்கள் தெருவுக்கு வந்து பேசிக்கொண்டார்கள்.

பார்லோ அப்படி இல்லை. காலையில் இறங்கி வந்து ஏதாவது ஒன்றை விசாரிப்பார். ஒரு நாள் நூலக உறுப்பினர் ஆவது எப்படி என்பார். ஒரு நாள் ரயிலில் குடை தொலைந்துவிட்டது என்பார்; கைப்பிடி மரத்தில் இருக்கும், இல்லை, பிளாஸ்டிக்கில். ஒரு நாள் நீச்சல் வகுப்பில் சேர வேண்டும் என்பார். பேச்சியம்மாள் இட்லி ஊற்றிக்கொண்டே நூலகக்காரியாகவும் ரயில்வேக்காரியாகவும் நீச்சல்குளத்துக்காரியாகவும் பதில் சொன்னாள். மெல்ல மெல்ல அவளுக்கு ஒன்று பிடிபட்டது. அவர் வாய் திறப்பதற்கு முன்னால் மூச்சை ஒரு கணம் நிறுத்துவார். அந்த இடத்தில் தன் மனதின் கதவைத் திறந்து வைத்துவிட்டால் போதும். சொன்னது தானாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

வார்டிலும் இது தெரிந்தது. டாக்டர் போகிற போக்கில், "அந்த அம்மாவை இன்னைக்கு அனுப்பிரலாம், இல்ல, நாளைக்கு" என்றார். மற்ற நர்ஸ்கள் பையைக் கட்டத் தொடங்கினார்கள். பேச்சியம்மாள் இன்னும் ஓர் இரவுக்காகப் படுக்கை விரிப்பை மாற்றினாள். ஜன்னலோரப் படுக்கையில் இருந்தவர் கால் குளிர்கிறது என்று முனகியபோது, அவர் முடிப்பதற்குள் போர்வை வந்துவிட்டது. இரண்டாம் முறை சொல்வதற்காக வைத்திருந்த வார்த்தைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். பேச்சியம்மாள் வாங்கி டிராயரில் போட்டு மூடினாள்.

செண்பகராஜும் பார்லோவும் பழகிவிட்டார்கள். கடையை அடைத்துவிட்டு வந்ததும் அவன் மேலே போய்விடுவான். அவன் தமிழில் பேசுவான், அவர் ஆங்கிலத்தில் கேட்பார். இருவருமே ஒரு முறைதான் சொல்கிறவர்கள் என்பதால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். மிச்ச நேரம் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

தேர்வு நெருங்கிய ஒரு சாயங்காலம் பேச்சியம்மாள் தேநீர் எடுத்துக்கொண்டு மாடியேறினாள். பாதிப் படியில் பார்லோவின் குரல் கேட்டது.

"உங்கள் மனைவி வெளிநாடு போகிறார். உங்களுக்கு மிகவும் கவலை தருவது எது? ஏ, சாப்பாடு. பி, ஊரார் பேச்சு. சி, அவர் அங்கேயே பழகிப்போய்விடுவது."

செண்பகராஜ் வெகு நேரம் யோசித்தான். பார்லோவின் கேள்விகளில் அவ்வளவு இடைவெளி விடமாட்டார்கள்.

"ஏ" என்றான்.

பார்லோ சரியென்றும் சொல்லவில்லை, தவறென்றும் சொல்லவில்லை. பேச்சியம்மாள் படியிலேயே நின்றாள். சாப்பாடு அவனுக்கு ஒரு கவலையே இல்லை. அவளைவிட நன்றாக ரசம் வைப்பான். தேநீர் ஆறியது. அவள் கீழே இறங்கி அதைச் சூடாக்கினாள். தேர்வை நினைத்து அவளுக்குப் பயம் வரவில்லை. தேறிவிடுவோம் என்பதுதான் முதல் முறையாகப் பயமாக இருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் அவள் லீவு போட்டிருந்தாள். சாயங்காலம் செண்பகராஜ் முற்றத்தில் ஒரு மோட்டாரை ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தான். புதிதாகக் காயில் கட்டியது. வீடே அதிர்கிற சத்தம். பேச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அவன் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தான். மூச்சை ஒரு கணம் நிறுத்தினான்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"போகாத பேச்சி" என்றான் மோட்டாரைப் பார்த்தபடி. "இல்ல. போ. நான் பின்னாலயே வாறேன்."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அவளுடைய "என்னது"வுக்காகக் காத்திருந்தான். "ஒண்ணுமில்ல" அவன் உதட்டில் தயாராக இருந்தது. அவள் கேட்கவில்லை. இரண்டாவதுதான் பதில் என்று ஹில்டா மேடம் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு நினைவிருந்தது. ஆனாலும் முதலில் சொன்னதையும் அவள் அழிக்கவில்லை. அதையும் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டாள், மனதில். அங்கே ஓரம் நிறைய இருந்தது.

தேர்வில் சொல்வது போல, பதில் இரண்டு சொற்களுக்கு மேல் போகக் கூடாது.

"சீக்கிரம் வாங்க" என்றாள்.

செண்பகராஜ் ஸ்விட்சை அணைத்தான். மோட்டார் சுற்றிச் சுற்றி நின்றது. "இவ்வளவு சத்தத்துல கேட்டுச்சா?" என்றான்.

"கேட்டுச்சு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கையில் இருந்த எண்ணெய் கன்னத்தில் ஒட்டியது. அப்புறம் இருவரும் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் அன்று பேசியதைப் போல் பேசியதே இல்லை. முதல் வருடத்தில் அவள் கேட்காமல் விட்டவற்றில் இருந்து ஆரம்பித்தான். ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் சொன்னான். அதுவே போதுமானதாக இருந்தது. ஒரு தீபாவளிக்கு அவன் ஏன் கோபமாக இருந்தான் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் பார்லோ பெட்டியோடு இறங்கி வந்தார். தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், முதல் பகுதி முடிந்தது, விடைகளைச் சரிபார்த்துக்கொள்ள அரை நிமிடம் இருக்கிறது என்று சொன்னது. அந்த அரை நிமிடத்தில் பேச்சியம்மாள் அவருக்குக் கட்டுச்சோறு கொடுத்தாள். வஞ்சிர மீன் வறுவலும் வைத்திருந்தாள். பார்லோ நன்றி சொன்னார். மறுபடி சொல்லவில்லை. தெருமுனை திரும்பியதும் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது.

தேர்வு அறையில் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டதும், யாரோ ஒரு பெண் படகு வாடகைக்குக் கேட்டாள். சனிக்கிழமை என்றாள், ஞாயிறு என்று மாற்றினாள். பேச்சியம்மாள் எழுதிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் ஒரு சொல் நழுவியது. கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். கடைசிப் பகுதி எறும்புகளைப் பற்றியது. எறும்புகள் அவளுக்குப் பிடித்துப்போயின. வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் செண்பகராஜ் நின்றிருந்தான். எப்படி இருந்தது என்று அவன் கேட்கவில்லை. அவள் நடையிலேயே தெரிந்தது.

முடிவு வந்தது. கேட்டலில் அவளுக்குத் தேவைக்கு மேலேயே வந்திருந்தது. ஹில்டா மேடம் நிலையத்தின் வாசலில் அவள் படத்தை ஒட்டி, கீழே பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டார். விசா வந்தது. செண்பகராஜும் தன் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டான்.

கிளம்புகிற அன்று காலையிலேயே இருவரும் பாளை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். டப்ளின் வண்டி நாகர்கோவில் வண்டிக்கும் தூத்துக்குடி வண்டிக்கும் நடுவில் நின்றிருந்தது. செண்பகராஜ் பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்களின் மேல் கையை வைத்தான்.

கண்டக்டர் உள்ளே ஏறிப் பார்த்தார். "டப்ளின் போறவங்க முன்னாடி வந்துருங்க. வண்டி ஊருக்குள்ள போகாது, விலக்குலதான் நிக்கும். அங்கேயிருந்து ஷேர் ஆட்டோ கிடைக்கும்."

பேச்சியம்மாள் முன் சீட்டுக்கு மாறினாள். பக்கத்தில் பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"நான் டப்ளினுக்கு முன்னாடி கார்க்ல இறங்கணும்மா. தூங்கிட்டேன்னா எழுப்பி விடு."

"எழுப்பி விடுறேன்" என்றாள் பேச்சியம்மாள்.

விசில் அடித்தது. சமாதானபுரம் தாண்டியதும் கடல் வந்தது. டிரைவர் இரண்டாவது கியருக்கு மாற்றினார்.