குருசடி வெளிச்சம்

அற்புதராணி நெருப்புக்குச்சியை உரசப் போனபோது புதுக் கம்பிவேலிக்குள்ளிருந்து ஒருவன் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"கொளுத்தாதேங்கோ அன்ரி. பக்கத்திலை ஹைட்ரஜன் தாங்கி கிடக்கு."

வெயில் கறன்டைக் காஸாக்கிச் சேமித்து ஐஸ் அறைக்குக் கொடுக்கும் மெஷினைப் பூட்ட வந்த எஞ்சினியர் தேனுஜன், நீர்வேலிப் பெடியன். பின்னால் வந்த சங்கத் தலைவர் கிறிஸ்ரோபர் அவள் கையிலிருந்த மெழுகுதிரியைப் பார்த்துவிட்டுக் கடலைப் பார்த்தார்.

குருநகர்க் கரையில், மீனவர் சங்கத்தின் ஐஸ் அறைக்கு அருகில் நிற்கிறது அந்தச் சீமெந்துக் குருசு. அவள் புருஷன் இன்னாசித்தம்பியைக் கடல் திருப்பித் தரவில்லை. சேமக்காலையில் அவருக்குக் குழி இல்லாதபடியால் இந்தக் குருசடியையே அவருடைய இடமாக்கிக்கொண்டாள். பொழுதுபட ஒரு மெழுகுதிரி. சுடர் பற்றிப் பிடிக்கும்வரை காற்றுக்குக் கை குவித்து நிற்பாள். அப்போதுதான் வாய்விட்டுக் கதைப்பாள். என்ன கறி வைத்தாள், கூரை எந்த மூலையில் ஒழுகுகிறது என்று. வீட்டுக்குள் சுவரோடு கதைக்க அவளுக்கு வெட்கம்.

"இந்த மெஷின் வேணுமெண்டு கூட்டத்திலை முதல் உயர்ந்தது உங்கடை கைதானே அக்கா," என்றார் கிறிஸ்ரோபர், பகிடி போல.

உண்மைதான். போன மாரியில் கறன்ட் நின்று ஐஸ் கரைந்து, பெட்டி பெட்டியாக மீன் நாறிப்போனதைப் பார்த்தவள் அவள். அந்தக் கரை மீனை விற்றுத்தான் அவளுக்குச் சீவியம். மெஷினுக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்று கூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"உதுக்குள்ளை போடுற கறன்ட் முழுக்கத் திரும்பி வருமே தம்பி?"

"இல்லை அன்ரி. மூண்டு பங்கு வெயில் கறன்ட் போட்டால் ஒரு பங்குதான் வரும்."

"அப்ப நட்டமெல்லே."

"நட்டம்தான். ஒரு இரவுக்கெண்டால் பற்றரி போதும், அதுதான் புத்தி. ஆனால் மாரியிலை நாள்கணக்கா வெயிலைக் காணாட்டி பற்றரி படுத்திடும். காஸ் எண்டால் தாங்கிக்குள்ளை அப்பிடியே கிடக்கும். அந்த இருட்டுக்குத்தான் உது."

அவள் மெழுகுதிரியைச் சேலைத் தலைப்பில் முடிந்தாள். நிறையப் போட்டுக் கொஞ்சமாகத் திரும்பப் பெறுவது அவளுக்குப் புதிதல்ல.

"குருசிலை ஒரு பல்ப் போட்டுத் தாறன்," என்றான் தேனுஜன். "இருட்டினால் தானாப் பத்தும். நீங்கள் மழைக்குள்ளை நனைஞ்சு வரத் தேவையில்லை."

"தானாப் பத்தினால் பிறகு நான் என்னத்துக்கு?"

அவன் தலைவரைப் பார்த்தான்.

"அக்காவுக்கு ஒரு சுவிச் வைச்சுக் குடுமன்," என்றார் கிறிஸ்ரோபர்.

மரித்த ஆத்துமாக்களின் திருநாள் அடைமழைக்குள் வந்தது. ஊர் முழுக்கக் கறன்ட் இல்லை. சனம் குடைகளோடும் மெழுகுதிரிகளோடும் சேமக்காலைப் பக்கம் போக, அவள் மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தாள். இருண்ட கரையில் ஐஸ் அறை மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

சுவிச்சை அழுத்தினாள். பல்ப் பற்றியது, ஆடவில்லை, மங்கவில்லை. கடற்காற்று தூறலை அள்ளி அவள் முகத்தில் எறிந்தது. குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் பல்பைச் சுற்றிக் குவித்தாள். உள்ளங்கையில் சூடு ஏறவில்லை.

"கூரை இன்னும் ஒழுகுது," என்று தொடங்கினாள்.